அஞ்சலையின் கனவில் வந்த அண்டர்கிரவுண்டு

“ஆடி முதல் வெள்ளி, மாலை ஐந்து மணி. அஞ்சலையின் கனவு: அண்டர்கிரவுண்டுக்குப் படியிறங்கிப் போகிறார். பொருள்: மனத்துக்குள் மறைத்த ரகசியம்.” இது என் நாட்குறிப்பில் நான் எழுதியது.

கள்ளக்குறிச்சியில் என் ஜெராக்ஸ் கடை இருக்கும் கட்டடத்தைப் பெருக்குபவர் அஞ்சலை. கட்டடத்துக்கு அடியில் வண்டி நிறுத்தும் அண்டர்கிரவுண்டுக்குப் போகும் அந்தக் கனவு அடிக்கடி வருவதாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். கனவு நூல்கள் பல படித்த கர்வத்தில் நான் உடனே பொருள் சொன்னேன். அவரை அழைத்துப்போக வடக்கனந்தலிலிருந்து வந்திருந்த கணவரின் காதிலும் அது விழுந்துவிட்டது.

மறுநாள் இருவரும் கடை வாசலில் நின்றார்கள்.

“இன்னா ரகசியம்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறா சார். இனிமே வேலைக்கே போவ வேணாம்னுட்டேன்” என்றார் கணவர்.

அஞ்சலையே பதில் சொன்னார்.

“ரகசியம்தான். மதியானத்துல கீழ வண்டிங்களுக்கு நடுவுல அட்டையை விரிச்சி அரை மணி தூங்கறேன். அங்க என்னை ஒருத்தரும் கூப்புட மாட்டாங்க. வூட்ல நான் உக்காந்தாலே உனுக்குத் தண்ணி தாகம் எடுக்குது!”

“இதைச் சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா அங்கயும் வந்து கூப்புடுவ.”

கணவர் தலையைச் சொறிந்தார். “சரி, வேலையப் பாரு” என்று வண்டியை எடுத்தார்.

அஞ்சலை துடைப்பத்தோடு படியேறியதை வியந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ நூல்கள் படித்தும், அவர் சிரித்துக்கொண்டே கனவைச் சொன்னதை நான் குறித்துவைக்கவில்லை. இப்போது அந்தச் சிரிப்பையும் அந்தப் பக்கத்தில் சேர்த்துவிட்டேன். வீட்டிலும் அவருக்கு அந்த அரை மணி கிடைக்கிறதா என்பது மட்டும் இன்னும் உறுதியாகத் தெரியவில்லை.