நான்கு சோடிச் சொக்ஸ்

குளிரைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு காலத்தில் வாய் கிழியப் பேசிக்கொண்டு திரிந்தேன். கனடாவுக்கு வந்து மூன்று குளிர்காலம்தான் ஆகியிருந்தது. அந்த மூன்றையும் வோபர்னில் ஒரு அடுக்குமாடி வீட்டுக்குள்ளும் பஸ்ஸுக்குள்ளும் தொழிற்சாலைக்குள்ளும்தான் கழித்திருந்தேன். ஆனாலும் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு வகுப்பு எடுக்கிற ஆள் நான்தான். இப்போது நினைத்தால் என் வாயில் நானே போடலாம் போல இருக்கிறது.

எண்பத்தாறின் கடைசியில் மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். என்னைவிட இரண்டு வயதுதான் குறைவு. ஊரில் கணக்கு வாத்தியார். ஆனாலும் அக்காவின் புருஷன் சொன்னால் அதற்கு மறுபேச்சு இல்லை என்று வளர்ந்தவன். எனக்கு அது வசதியாக இருந்தது.

அடுத்த மாசியில், என்னோடு வேலை செய்த பின்லாந்துக் கிழவர் ஒருவர், உறைந்த ஏரியில் மீன் பிடிக்க எங்கள் இருவரையும் கூப்பிட்டார். முதல் நாளே எனக்கு விபரமாகச் சொன்னார். ஒரு சோடி கம்பளிச் சொக்ஸ் போதும், சப்பாத்துக்குள் விரல்கள் அசைய இடம் வேண்டும், ஒரே இடத்தில் இருக்கக்கூடாது. கால் வலித்தால் சொல்லவேண்டும். வலித்த கால் திடீரென்று வலிக்காமல் போனால் ஓடிவந்து சொல்லவேண்டும். நான், தெரியும் தெரியும் என்று தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து இதில் ஒரு சொல்லைக்கூட அவனிடம் சொல்லவில்லை. நான்கு சோடி பருத்திச் சொக்ஸை எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் போடச் சொன்னேன்.

"அத்தான், விரலை அசைக்க ஏலாமல் கிடக்கு. ரெண்டைக் கழட்டட்டோ?"

"விசர்க் கதை கதையாதை மச்சான். இறுக்கமாய் இருந்தாத்தான் சூடு வெளியிலை போகாது."

அவன் கழற்றவில்லை. என் சப்பாத்து ஒரு அளவு பெரிது. அதற்குள் ஒரு சோடிதான் போட்டிருந்தேன், அதுவும் சோம்பலில்.

ஏரி வடக்கே ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் இருந்தது. கிழவர் பனிக்கட்டியில் எங்களுக்கு ஒரு துளை போட்டுத் தந்துவிட்டுத் தன் துளையைப் போட அப்பால் போய்விட்டார். நாங்கள் வாளிகளைக் கவிழ்த்து வைத்து அவற்றின்மேல் குந்தினோம். அரை மணித்தியாலம் ஆகியிருக்கும்.

"அத்தான், கால் சரியா நோகுது."

"அந்தக் கிழவரைப் பார். உன்ரை வயசிலை ரெண்டு மடங்கு. அந்தாளே பேசாமல் இருக்குது. உனக்கு வெக்கமா இல்லையோ?"

அதன் பிறகு அவன் முகத்தைத் தூண்டில் பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து நானாகத்தான் கேட்டேன், இப்ப எப்படி என்று.

"இப்ப நோகேல்லை அத்தான்."

"பாத்தியோ, நான் சொன்னன் எல்லோ. உடம்பு பழகிட்டுது."

கிழவர் சொன்னது என் காதுக்குள் எங்கோதான் கிடந்தது. எழும்பி நடக்கச் சொல்லியிருக்கலாம், சப்பாத்தைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். என் சொல் பலித்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இருந்துவிட்டேன். எழும்பிய நேரம் அவனால் கால் ஊன்ற முடியவில்லை, விழுந்தான். கிழவர் ஓடிவந்து சப்பாத்தையும் சொக்ஸையும் இழுத்துக் கழற்றினார். கடைசி இரண்டு விரல்களும் மெழுகுதிரி மாதிரி வெளுத்து, தொட்டால் மரம் போல இருந்தன. நான் பொக்கற்றுக்குள் கிடந்த தைலத்தை எடுத்துத் தேய்க்கப் போனேன். கிழவர் என் கையைத் தட்டிவிட்டார். காரை என்னை ஓட்டச் சொல்லிவிட்டு, பின் இருக்கையில் தன் சட்டையைத் திறந்து, அந்தக் காலை வெறும் வயிற்றோடு அணைத்து வைத்துக்கொண்டார். கண்ணாடியில் பார்க்கப் பார்க்க எனக்கு உடம்பு கூசியது. யாரோ ஒரு அந்நியர் அவன் காலை அணைத்துக்கொண்டிருந்தார், உறவுக்காரன் நான் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் டொக்டர் என்னிடம்தான் கேட்டார், நான்தான் மொழிபெயர்ப்பவன் என்ற நினைப்பில். வலிக்கிறது என்று இவர் எப்போதாவது சொன்னாரா?

"இல்லை," என்றேன் ஆங்கிலத்தில். "ஒன்றுமே சொல்லவில்லை."

மைத்துனனுக்கு ஆங்கிலம் பேசத்தான் கூச்சம். கேட்டால் நன்றாக விளங்கும். என்னை ஒருதரம் பார்த்தான். பிறகு சுவரைப் பார்த்தான்.

விரல்கள் நாளாக நாளாகக் கறுத்தன. பங்குனி கடைசியில் இரண்டையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மனைவி அவனுக்குப் பக்கத்தில் இருந்து அழுதாள்.

"நோகேக்கை அத்தானிட்டை ஒரு வாய்ச்சொல் சொல்லியிருக்கலாமெல்லோடா?"

நான் கதவோரம் நின்றேன். சொல்லப்போகிறான் என்று நினைத்தேன், சொல்லட்டும் என்றும் நினைத்தேன்.

"என்ரை பிழைதான் அக்கா," என்றான் அவன். "அத்தான் எத்தனையோ தரம் கேட்டவர். நான்தான் சொல்லேல்லை."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"உங்களையும் எவ்வளவு கரைச்சல்படுத்திப்போட்டான். குறை நினையாதேங்கோ அப்பா."

"பரவாயில்லை, விடும்," என்று சொன்னேன்.