வெள்ளை மாத்திரைக்கு ஒரு சாட்சி

பாறை ஆய்வகத்தில் அவளுக்குச் சல்லடையம்மா என்று பெயர். இருபத்தாறு வருஷமாகக் கல்லை நொறுக்கி, அமிலத்தில் கரைத்து, சல்லடையில் அலசி, மிஞ்சும் பழுப்புத் துளியைக் கண்ணாடித் தகட்டில் ஏற்றித் தருபவள். துளியில் இருப்பவை டைனோஃபிளாஜெலேட் என்னும் கடல் நுண்ணுயிர்களின் கூடுகள். காலம் கெட்டால் அந்த உயிர் தன்னைச் சுற்றிக் கெட்டியாகக் கூடு கட்டிக்கொண்டு கடலடிச் சேற்றில் தூங்கும். நல்ல காலம் வந்தால் ஒரு சின்னக் கதவைத் திறந்துகொண்டு போய்விடும். காலிக் கூடு கல்லுக்குள் கோடி வருஷம் கிடக்கும். கல் கரைந்தாலும் அது கரையாது.

"எங்க வீட்டுக்காரர் பிடிவாதம் மாதிரி," என்பாள்.

வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விளங்கவில்லை, மறதி வேறு. தனியே விட முடியாமல் ஆய்வகத்துக்கே கூட்டி வந்து, கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்த்தி வைப்பாள். ஆய்வகத் தலைவி மேடம் சம்மதித்தார். "ஆனா ஒரு சாம்பிள் கெட்டாலும், வேற ஏற்பாடு பண்ணிக்கணும்மா."

அந்தச் செவ்வாய்க்கிழமை கையிலிருந்தது, பூமியைத் துளைத்து எடுத்த கல்லில் ஓர் ஆழத்துக்கு மிஞ்சியிருந்த கடைசித் துண்டு. அமிலத்துக்கு முன் ஒரு வெள்ளை மாத்திரை போட வேண்டும். அதில் ஒரு செடியின் நுண்விதைகள் எண்ணி அடைக்கப்பட்டிருக்கும். அவற்றோடு ஒப்பிட்டுத்தான் கல்லில் எத்தனை கூடு என்று சொல்வார்கள். போடாவிட்டால் அத்தனையும் வீண். இரண்டு விழுந்தாலும் வீண்.

அமிலம் ஊற்றி முடித்தபோது வெளியே நாற்காலி சாய்ந்தது. கையுறையைக் கழற்றி எறிந்து ஓடினாள். விளங்காத கையை இழுக்காமல், இடுப்பைப் பிடித்துத் தூக்கி உட்கார்த்தினாள். அடி இல்லை. திரும்பிப் பார்த்தால் குவளை நுரைக்கிறது. மாத்திரை விழுந்தாலும் நுரைக்கும், விழாவிட்டாலும் சுண்ணாம்புக் கல் நுரைக்கும். அமிலம் ஊற்றியது ஞாபகம். மாத்திரை போட்டது ஞாபகமில்லை.

"போட்டியே," என்றார் அவர்.

"எதை?"

"சட்டைப் பட்டன் மாதிரி வெள்ளையா. போட்டுட்டு மூக்குக்கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்ட."

"காலையில சாப்பிடவே இல்லைன்னீங்க. மீசையில முட்டை ஒட்டியிருந்துச்சு!"

"அது வயித்து விஷயம். இது கண்ணு விஷயம்."

இன்னொன்றைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அவள் மேடத்தின் அறைக்குப் போனாள்.

"மாத்திரை போட்டேனான்னு தெரியல மேடம். எங்க வீட்டுக்காரரு, நான் போட்டதைப் பார்த்தேங்கிறாரு."

மேடம் பேனாவை மூடினார். "இனிமே எதுவும் போடாதீங்க. முடிச்சுக் கொண்டாங்க. பார்த்தா தெரிஞ்சிடும்."

மூன்று நாள் அந்தத் துண்டோடு மல்லுக்கட்டினாள். இடையில் பகல்நேரப் பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு போன் செய்து இடம் இருக்கிறதா என்று விசாரித்தும் வைத்தாள். இருந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷமில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் நுண்ணோக்கியில் குனிந்தார். நிமிர நேரமானது.

"மாத்திரையோட முக்கோண விதை நிறைய இருக்கும்மா. ஐயா சொன்னது சரி. கூடுங்களும் இருக்கு, எல்லாம் கதவைத் திறந்து போட்டுட்டுப் போயிருக்குங்க."

பிறகு மேடமே வெளியே வந்து நோட்டும் பென்சிலும் நீட்டினார். "ஐயா, அம்மா மாத்திரை போடும்போதெல்லாம் ஒரு கோடு போடுங்க."

திங்கட்கிழமை அவள் மாத்திரையைக் கண்ணாடிக் கதவுக்கு நேரே தூக்கிக் காட்டிவிட்டுக் குவளையில் போட்டாள். அவர் இடக்கையால் கோணலாக ஒரு கோடு இழுத்தார். உடனே கதவைத் தட்டினார்.

"ஏய், நான் சாப்பிட்டேனா?"

"ஆச்சு."

"அதுக்கும் ஒரு கோடு போடவா?"

"வேற பக்கத்துல போடுங்க," என்றாள் அவள்.