மூன்றாவது கல்

கூடாரத் தொழிலில் கூடாரம் அடிப்பது பத்து நிமிட வேலை. அதற்குள் ஒரு வடசென்னைக்காரரைப் படுக்க வைப்பதுதான் முழுநாள் வேலை.

நான் விம்கோ நகர்க்காரி. பதினோரு வருடம் கன்டெய்னர் யார்டில் பெட்டிகளை எண்ணிச் சரிபார்த்தேன். அந்த வேலை போன பிறகு, வீட்டுக்காரரின் வேனையும் பதினான்கு கூடாரங்களையும் வைத்துக்கொண்டு, சனி ஞாயிறுகளில் நம் பக்கத்து ஜனங்களைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறேன். உங்களில் யாராவது சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிக் கோயிலுக்குக் கூட்டிப்போனதுண்டா? அந்த ஒருநாள் பாட்டை வாராவாரம் படுகிறவள் நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் ஆந்திர எல்லையோரம். இரண்டு பக்கமும் செங்குத்தாகப் பாறை, பாறைமேல் காடு, நடுவே ஓர் ஆறு, ஆற்றோரம் கூடாரம் போட ஒரு மணல்வெளி. மலையடிவார ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிறார்கள். அவர்கள் சார்பில் அங்கே இருப்பவர் முனிரத்தினம் என்ற பெரியவர். அவருக்கு ஒரே சட்டம்தான்: சத்தம் கூடாது. ஸ்பீக்கர், ஹாரன், கூச்சல், விசில் எதுவும் ஆகாது. மீறினால் திட்டமாட்டார். ஆற்றிலிருந்து தேங்காய் அளவில் ஒரு கல்லை எடுத்துவந்து, கரைக்கு மேலே மேட்டிலிருக்கும் தன் கொட்டகையின் குட்டிச்சுவரில் வைப்பார். ஆட்களைக் கூட்டிவருகிறவர் பேரில் மூன்று கல் சேர்ந்தால் அவருக்கு அதன்பின் இடம் கிடையாது. எனக்கு அதை விட்டால் வேறு இடமே இல்லை. மற்ற இடங்களில் எங்கள் ஆட்களின் பேச்சைக் கேட்டதுமே "புக்கிங் முடிந்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

கர்ச்சீப் பரிசோதனை

முதல் பயணத்திலேயே எண்ணூரிலிருந்து ஏழுமலை அண்ணன் குடும்பம் வந்தது. முகத்துவாரத்தில் கையால் தடவி இறால் பிடிக்கிறவர். பிறந்ததிலிருந்து ஆற்றுக்குள்ளேயே இருக்கிற மனிதர், இங்கே வந்தால் தண்ணீரை விட்டு எழவே மாட்டார் என்று நினைத்திருந்தேன். ஆற்றங்கரைக்கு வருகிறவர் வேனில் எட்டு கேன் தண்ணீர் ஏற்றினபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கரைக்குப் போனதும் பிள்ளைகளைத் தடுத்து நிறுத்தினார். அடியில் கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் தெரிகிறது, மீன் வாலாட்டுவது தெரிகிறது. அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கர்ச்சீப்பை எடுத்து, தண்ணீரில் முக்கிப் பிழிந்து, வெயிலில் விரித்துப் பார்த்தார். மறுபடி முக்கினார். அவர் இறங்குகிற ஆற்றில் காலை விட்டால் முழங்கால் வரை கறுப்பு ஏறும். அதுதான் அவருக்குத் தெரிந்த ஆறு. நல்ல தண்ணீரைக் கண்டு ஒரு மனிதன் மிரண்டு நான் பார்த்தது அன்றுதான். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"இம்மாம் சுத்தமா கீதுன்னா, இன்னாத்தயோ கலந்துகீறாங்க, எஸ்தரு."

ஓடும் வேன்

தாஸ் அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வீடு ராயபுரத்தில், கூட்ஸ் ரயில் பாதையை ஒட்டி. முதல் முறை மனைவியோடு வந்தார். மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கண்ணசந்த நேரம். அவர் மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டார், எழுந்தார், நடந்தார். கொஞ்ச நேரத்தில் காடே அதிர எங்கள் வேன் உறுமியது. யாரோ வேனைத் திருடுகிறார்கள் என்று பதறிக்கொண்டு ஓடினேன். வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பாயை விரித்து, புகைக்கு நடுவே, தாஸ் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

சாவியைத் திருகி அணைத்தேன். அந்த நொடியே விழித்துக்கொண்டார். திரும்பிப் பார்த்தால் முனிரத்தினம் ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். முதல் கல் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில், ஐம்பது வயசு மனுஷன் செய்கிற காரியமா இது என்று தாஸ் அண்ணனைக் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"யார்டுல எப்ப சத்தம் நிக்கும் சொல்லு? எவனாச்சும் அடிபட்டாத்தான் நிக்கும். அமைதியா இர்ந்தா எனுக்கு எப்டி தூக்கம் வரும், தங்கச்சி?"

மூன்று இழுப்பு

இதில் கல் விழவில்லை, மானம்தான் போனது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மொத்தக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, குடும்பத்தோடு வந்தார். கூடாரத்துக்கு ஷட்டர் கிடையாதா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. ஆற்றுக்குக் குளிக்கப் போகும்போது, கூடாரத்து ஜிப்பின் இரண்டு முனையையும் சேர்த்துக் கடைப் பூட்டு ஒன்றைப் போட்டார். கடையில் செய்கிற மாதிரியே மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டுப் போனார். சாவி இடுப்புத் துண்டில் இருந்தது. துண்டு ஆற்றோடு போனது.

பூட்டை உடைக்க வழி தேடிக்கொண்டிருந்தபோது கூடாரம் லேசாக அசைந்தது. எனக்கு உயிரே இல்லை. கரடியோ என்று பின்வாங்கினேன். உள்ளே அண்ணாச்சியின் மாமியார் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். பூட்டினவருக்கு அந்த நினைப்பே இல்லை. கூடாரத்தை வெட்டட்டுமா என்று நான் கேட்டதற்கு உள்ளிருந்து நிதானமாகப் பதில் வந்தது.

"அவசரமில்ல தாயி. சோத்த மட்டும் எங்கனயாவது இடுக்கு வழியா உள்ள தள்ளு."

ஈரத் துப்பட்டா

ரசாயன ஆலைகளை ஒட்டிய மாத்தூரிலிருந்து தையல் வேலை பார்க்கும் பெண்கள் பன்னிரண்டு பேர், பிள்ளைகளோடு வந்தார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. பொழுது சாய்கிற நேரம், பிள்ளைகள் மணலில் விளையாட, நான் டீ போட்டுக்கொண்டிருந்தேன். காற்றில் ஒரு நெடி வந்தது. இனிப்பான, தலை கிறுகிறுக்கிற நெடி. அது என்னவென்று யோசிக்கக்கூட நேரமில்லை. ராணி என்கிற பெண் எழுந்து துப்பட்டாவைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டினாள். மற்ற பதினொரு பேரும் அதையே செய்தார்கள். ஒருத்தி மணலை அள்ளித் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தாள். ஆளுக்கொரு பிள்ளையை இடுப்பில் அள்ளிக்கொண்டு, காற்றுக்குக் குறுக்கே மேட்டைப் பார்த்து ஓடினார்கள். வழியிலிருந்த மற்ற கூடாரங்களையெல்லாம் தட்டி, "கேஸு, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே போனார்கள். யாரும் யாருக்கும் எதையும் சொல்லித்தரவில்லை. அதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த கணம் நானும் முந்தானையை நனைத்துக்கொண்டு ஓடினேன், என் வீடும் அந்தப் பக்கம்தானே.

மேட்டில் முனிரத்தினம் நின்றிருந்தார். கையை நீட்டி ஒரு மரத்தைக் காட்டினார். ஏழிலைப்பாலை. மரம் முழுக்கப் பூ. சாயங்காலமானால் அப்படித்தான் மணக்குமாம். பெங்களூரிலிருந்து அமைதி தேடி வந்த ஓர் இளஞ்ஜோடி, காலில் செருப்பில்லாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. இரண்டாவது கல் விழுந்தது. ராணி மூக்கிலிருந்து துப்பட்டாவை இறக்கவேயில்லை. மரத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"பூவா இது? பூன்னா மல்லி மாரி அடக்கமா இர்க்க வேணாமா? எத்தினி பேரு நெஞ்சு நின்னுபூட்டிருக்கும்."

சத்தம் நின்ற மதியம்

இரண்டு கல் ஆன பிறகு, தாஸ் அண்ணன் மறுபடி வருகிறேன் என்றார், அதுவும் கூட வேலை செய்கிறவர்களின் குடும்பங்களையும் சேர்த்து. நான் முடியாது என்றேன். அவர் மனைவி கெஞ்சினார். போன முறை வேன் புகைக்கு நடுவே தூங்கினாலும், வருடங்கள் கழித்து அவர் சிரித்த முகமாகத் திரும்பினது அந்தப் பயணத்தில்தானாம். எனக்கும் ஒரு யோசனை வந்தது. ஆறு பாறையில் மோதி இரைகிற இடத்துக்குப் பக்கத்தில் அவர் கூடாரத்தைப் போட்டேன். வேன் சாவியை என் தாலிச் சரட்டில் கோர்த்துக்கொண்டேன். சாப்பிட்டுப் படுத்த மனிதர் ஆற்றிரைச்சலில் குழந்தை மாதிரி தூங்கினார். பிள்ளைகள் ஆற்றில் விளையாடினார்கள். நல்ல வெயில். தொலைவில் மலைமுகட்டில் மட்டும் கருமேகம். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு பாத்திரம் கழுவினேன்.

அப்போது தாஸ் அண்ணன் கூடாரத்திலிருந்து வெளியே வந்து நின்றார். முகம் வெளிறியிருந்தது. "சத்தம் நின்னுட்ச்சி," என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் ஆற்றைப் பார்த்தேன். பாறை இரையவில்லை. தண்ணீர் இறங்கி, அதுவரை முழுகியிருந்த கற்கள் ஈரத்தோடு வெளியே தெரிந்தன. பிள்ளைகள் அதிசயம் பார்க்க ஆற்றின் நடுவே போய்க்கொண்டிருந்தார்கள். தாஸ் அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். யார்டில் பெட்டி நழுவும்போது அடிக்கிற விசில் அது. இரண்டு பாறைச் சுவரிலும் மோதித் திரும்பி வந்தது.

நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பாய்ந்து போய் அவர் வாயைப் பொத்தினேன். அண்ணே, மூணாவது கல்லு, என் பொழப்பு போயிடும் என்று அழுதேன். இதை எழுதும்போதும் அந்தக் கை எனக்குக் கூசுகிறது. அவர் என் கையைப் பிடித்து விலக்கினார். "கல்லு கெடக்கட்டும். நீ பெட்டி எண்ணுனவதானே? ஆள எண்ணு." மறுபடி விசில் அடித்தார். கிரேன்காரர்கள் எல்லோருக்கும் அந்த விசில் தெரியும். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஆற்றிலிருந்த பிள்ளைகளை வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார்கள். நான் எண்ணினேன். வந்தவர்கள் பதினாறு, என் வீட்டுக்காரர், நான். பதினெட்டும் சரி.

"பெரியவரு?" என்றார் தாஸ் அண்ணன்.

முனிரத்தினம் கொஞ்சம் கீழே, ஆற்று வளைவில் துணி துவைக்கப் போயிருந்தார். அங்கிருந்து பார்த்தால் இந்த இடம் தெரியாது. நான் எண்ணின கணக்கில் அவர் இல்லவே இல்லை. என் பிழைப்பைக் கையில் வைத்திருக்கிற மனிதரை நான் ஆளாகவே எண்ணவில்லை. தாஸ் அண்ணன் மேட்டு ஓரமாக ஓடிக்கொண்டே விசிலை நிறுத்தாமல் அடித்தார். நான் கரண்டியால் சோற்று டேக்சாவை அடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வளைவுக்கு மேலே ஒற்றையடிப் பாதையில் தலை தெரிந்தது. முனிரத்தினம் ஏறி வந்துகொண்டிருந்தார். அத்தனை கோபத்தோடு அவரை நான் பார்த்ததேயில்லை. துவைத்த துணியைக் கீழேயே விட்டுவிட்டு, கையில் கல்லை எடுத்துக்கொண்டு, எங்களைக் கேட்கத்தான் வந்தார். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்தார். அவருக்குப் பின்னால் ஆறு வந்தது.

மேலே எங்கோ மரங்கள் சரிந்து தண்ணீரை அடைத்து, பிறகு மொத்தமாக உடைத்துக்கொண்டதாம். முனிரத்தினமே பிறகு சொன்னார். செம்மண் நிறத்தில், முழு மரங்களைப் புரட்டிக்கொண்டு வந்தது. தாஸ் அண்ணனின் கூடாரம், இன்னும் இரண்டு கூடாரம், பெரியவர் துவைத்துக்கொண்டிருந்த பாறை எல்லாம் ஒரே மூச்சில் மறைந்தன. பிள்ளைகள்கூட அழவில்லை. முனிரத்தினம் அந்தப் பாறை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கல் கையிலேயே இருந்தது.

பிறகு கொட்டகைக்கு நடந்தார். நானும் போனேன். குட்டிச்சுவரில் இரண்டு கல்லுக்குப் பக்கத்தில் அவர் மூன்றாவதை வைத்ததைப் பார்த்து, தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். சட்டம் சட்டம்தான். பின்னாலிருந்து கூப்பிட்டார். மூன்று கல்லையும் சுவரிலிருந்து இறக்கி, தரையில் முக்கோணமாகப் போட்டு, நடுவில் சுள்ளியை ஒடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"மூணு சேந்துட்டுது இல்லமா? அடுப்பாச்சு. விசில் அடிச்சவருக்கு மொதல்ல டீ போடு."

இப்போதும் அமைதி வேண்டும் என்றுதான் வேனில் ஏறுகிறவர்களிடம் கண்டிப்பாகச் சொல்கிறேன், கூடவே விசில் அடிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கச் சொல்கிறேன்.