நெருப்பில்லாத பாய்லர் சுட்டது

சூரியன் ஒருநாள் அணைந்துபோனால் தக் மான்ஷிக் மாமாவுக்குத்தான் போன் போடவேண்டும். வந்து இரண்டு தட்டு தட்டுவார், பிடித்துக்கொண்டு எரியும். ஆனால் அதற்கு முன்னால், "புகைக்குழாய் எப்படி இருக்கு?" என்று சூரியனையே கேட்பார். எங்கே போனாலும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

எங்கள் மலையூரில் பாய்லரில் சுட்ட தண்ணீர் தரைக்கடியில் ஓடித்தான் வீடு சூடாகும்; பாதி வீட்டுப் பாய்லர் அவர் மாட்டியது. போன இலையுதிர்காலத்தில் அவர் ஊரார் வீட்டையெல்லாம் சூடாக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய வீட்டுப் புகைக்குழாய் மூட்டில் நழுவிவிட்டது. விஷப்புகை உள்ளே கசிந்து அத்தை தூக்கத்திலேயே போய்விட்டாள். அன்றோடு அந்த வீட்டில் நெருப்பு மூட்டுவதை விட்டார். ஜில்லென்ற தரையில் கோட்டோடு படுக்கிறார். அம்மா சூப்பு வைத்துவிட்டு வந்தால் மறுநாள் பாத்திரம் அப்படியே உறைந்து கிடக்கிறது. "இந்தக் குளிர் தாண்டமாட்டார்" என்று கடைவீதியில் பேசிக்கொள்கிறார்கள். வேறொருவர் வீட்டுத் தரை ஆறிவிட்டது என்றால் மட்டும் எழுந்து வருகிறார்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு பாய்லர். ஒன்று விறகு, ஒன்று மண்ணெண்ணெய். விறகு தீர்ந்த நாளில் மற்றது. பின்கொட்டகையில் இரண்டையும் ஒரே தண்ணீர்க்குழாயில் சேர்த்திருக்கிறது. டிசம்பரில் ஒருநாள் விறகு கொழுந்துவிட்டு எரிந்தும் வீட்டுத் தரை சில்லிட்டுக் கிடந்தது. மாமா வந்தார். புகைக்குழாயின் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தடவினார், இரண்டு தடவை. அப்புறம் அணைந்து கிடந்த மண்ணெண்ணெய்ப் பாய்லரில் உள்ளங்கையை வைத்தார்.

"இதுல நெருப்பே இல்ல. ஏன் சுடுது?"

"காய்ச்சலோ என்னமோ மாமா."

"வாயை மூடு தாமி. விறகுல சுட்ட தண்ணி தரைக்குப் போகாம இதுக்குள்ள பூந்து திரும்பிடுது. இந்த வால்வை யாரு திறந்து வெச்சது?"

போன வாரம் விறகு தீர்ந்தபோது அம்மா திறந்தது, மூட மறந்திருக்கிறாள். அவர் மூடினார். தரை சுடுகிறவரைக்கும் வேலை முடிந்ததாகாது என்பது அவர் கொள்கை. அதனால் உள்ளே வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் முன்னால் அம்மா சோறு போட்ட சூப்பை வைத்தாள். இரண்டு கிண்ணம் குடித்தார். தரை மெல்ல ஏற ஏற, சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போனார். வாய் திறந்திருந்தது. மீசையில் ஒரு சோற்றுப் பருக்கை. நான் சிரிக்கவில்லை.

அப்புறம் எங்கள் பாய்லருக்கு என்ன பீடை பிடித்ததோ, செவ்வாய்க்கிழமை அதே கோளாறு. வெள்ளிக்கிழமை மறுபடியும். "பாழாப்போன பாய்லர்!" என்று அம்மா திட்டினாள். அவளைவிடச் சத்தமாக நானும் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை மாமா வால்வை மூடிவிட்டு விரலை முகர்ந்து பார்த்தார்.

"ஏ தாமி, இங்க வா. உங்க வீட்டுப் பாய்லர் ஆரஞ்சு திங்குமா?"

கையில் இருந்த தோலை நான் பைக்குள் திணித்தேன். "அம்மாவா இருக்கும் மாமா."

"உங்கம்மா கை பட்டா பூண்டுல்ல நாறும்."

அவர் திட்டவில்லை. கருவிப் பையைத் தூக்கி, எங்கள் விறகுக்கட்டின் மேல் வைத்தார்.

"இது இங்கயே கிடக்கட்டும். வாரம் ரெண்டு தடவை தூக்கிட்டு வர முடியல." பிறகு என் காதைப் பிடித்தார். "வால்வை எத்தனை தடவை வேணா திற. புகைக்குழாய்ப் பக்கம் போனே, கையை ஒடிச்சிடுவேன்."