இறைக்கிற மெஷினில் ஐந்து நாடுகள்

என்னோடு படித்த பவானி கலியாணமாகி சுவிஸுக்குப் போனவள். எந்த நாட்டைச் சுற்றிப் பார்க்கப் போனாலும், பிரிட்ஜில் ஒட்டுகிற காந்தப் படம் ஒன்றை எனக்காக வாங்கி, எங்கள் ஊர் முரசுமோட்டைக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவாள். "பிரிட்ஜில ஒட்டி வை. நீயும் என்னோட வந்த மாதிரி" என்பாள்.

"ஒட்டிட்டன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னேன். என்னிடம் பிரிட்ஜ் இல்லை. அதைச் சொல்ல ரோசம் விடவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெஷினில் எண்ணெய் ஊற்றுகிற தாங்கி தகரம் என்பதால், ஐந்து நாடுகளையும் அதில் ஒட்டியிருந்தேன். மெஷின் அதிர அதிர, இத்தாலி மெல்ல நகர்ந்து பிரான்ஸில் இடிக்கும். மண் கையாலேயே விலக்கிவிடுவேன்.

ஒருநாள் காலை மிளகாய்க்கு இறைத்துக்கொண்டிருந்தபோது வீடியோவில் வந்தாள். "பிரிட்ஜைக் காட்டு பாப்பம்."

சிக்னல் இல்லையென்று துண்டித்திருக்கலாம். விரல்கூட அதற்குப் போய்விட்டது. ஆனால் இந்தப் பொய் போதும் என்று தோன்றியது. மெஷினை நிறுத்திவிட்டு, போனை அதன் பக்கம் திருப்பினேன்.

"பிரிட்ஜ் இல்லையடி. பொய் சொன்னனான்."

போனைக் கிட்டப் பிடிக்கச் சொல்லி, ஐந்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "என்ர பிரிட்ஜில இருக்கிறதுகளை நான் திரும்பியும் பாக்கிறேல்லையடி" என்றாள். பிறகு மெதுவாக, "நான் ஒண்டு வாங்கித் தரட்டோ?" என்று கேட்டாள்.

"வேண்டாம். நானே வாங்குவன்."

அந்த மிளகாய் விற்றதும் வாங்கினேன். அதன் கதவில் இன்றுவரை எதையும் ஒட்டவில்லை. வெட்கப்பட்டு மறைத்த இடத்திலிருந்து அந்தப் படங்களை எடுக்க எனக்கு மனமில்லை. தினமும் இத்தாலியை விலக்கிவிட்டுத்தான் இறைக்கிறேன்.