எங்கள் மலைக்கு வந்த பிளாக்

மகளிர் குழுக் கூட்டத்தில் என் பெண் எழுந்து, "நாம ஒரு பிளாக் ஆரம்பிக்கலாம்" என்றபோது முதலில் கை தட்டியது நான்தான். மலையில் எங்களுக்கு பிளாக் என்றால் பிளாக் ஆபீஸ். ரோடு, தண்ணீர்த் தொட்டி, தொகுப்பு வீடு என்று எதற்கும் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும். பஸ் கிடைத்தால் அரை நாள் போகும், கிடைக்காவிட்டால் முழு நாளும் போகும். அந்த ஆபீஸ் எங்கள் ஊருக்கே வரப்போகிறது என்றால் கை தட்டாமல் இருக்க முடியுமா? என் பெண் அங்கன்வாடியில் வேலை செய்கிறவள். மேலிடத்தில் பேசி முடித்துவிட்டாள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

அவள் மேற்கொண்டு சொன்னதுதான் இடித்தது. வாரத்துக்கு ஒருத்தி எழுத வேண்டுமாம். சாமைக் களி கிண்டுவது, புளி உடைப்பது, தேனெடுக்கப் போய் முகம் வீங்கி வந்த புருஷன், எதை வேண்டுமானாலும் எழுதலாமாம். எழுத வராதவர்கள் வாயால் சொன்னால் போன் எழுதிக்கொள்ளுமாம்.

"பிளாக் ஆபீசுல களி கதை இன்னாத்துக்குடி?" என்று கேட்டேன்.

"ஆபீஸ் இல்லம்மா. இது போன்ல படிக்கிற பிளாக். நாம எழுதறத உலகமே படிக்கும்."

"உலகம் படிச்சி இன்னா பண்ணப் போவுது? களி கிண்டப் போவுதா?"

எல்லோரும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் ஆபீஸ் கட்ட மனசுக்குள் இடம் பார்த்து முடித்திருந்தவர்கள். ஆனால் இந்தச் சிரிப்புக்கு முன்பே ஒருத்தி எழுந்து போயிருந்தாள். பக்கத்து ஊரான மேலூர்க்காரி. அவள் கொண்டுபோனது, பிளாக் வருகிறது என்கிற சேதி மட்டும்.

அடுத்த கூட்டங்கள் எல்லாம் சண்டைதான். என்ன பெயர் வைப்பது, யார் முதலில் எழுதுவது. முதல் வாரம் தன் களிதான் என்று குழுத் தலைவி பிடித்துக்கொண்டாள். எந்தத் தமிழில் எழுதுவது என்பது பெரிய சண்டை. நான் போனில் 'வூடு' என்று சொன்னால் அது 'வீடு' என்று எழுதியது. 'இன்னா' என்றால் 'என்ன' என்றது. இந்த வயதில் எனக்கு ஒரு வாத்தியார் வந்து சேர்ந்தார். திருத்தியபடியே போடலாம், அதுதான் மரியாதை என்றாள் தலைவி. என் பெண்ணுக்கு மனசில்லை. முடிவாகாமலே திறப்பு நாள் வந்துவிட்டது.

எங்கள் ஊரில் டவர் கிடைப்பது மேட்டில் இருக்கும் ஒரு பாறையில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்கல் வைத்து எடுத்துக்கொண்டு எல்லோரும் பாறைக்கு ஏறினோம். திறப்பு பாறையில்தான் என்று கேள்விப்பட்டு, அங்கே எங்களுக்கு முன்னால் என் நாத்தனார் வந்து உட்கார்ந்திருந்தாள். மேலூரில் வாழ்க்கைப்பட்டவள். கல்யாணத்துக்குக் கட்டும் புடவை, பக்கத்தில் ஒரு காலிக் குடம், கையில் மனு.

"இன்னா அண்ணி, கட்டடத்தையே காணோம்? ஆபீசர் எங்க கீறாரு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது. மேலூரில் தண்ணீர் மோட்டார் எரிந்து பல மாதம் ஆகிவிட்டது. ஓடைக்கு இறங்கி இறங்கி ஏறிய அவள் மருமகள் கைக்குழந்தையோடு மலையடிவாரத்துச் சந்தவாசலில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "கொழாயில தண்ணி வந்தா நானும் வர்றேன்" என்று வாசலில் சொல்லிவிட்டுப் போனது எங்கள் ஊர்வரைக்கும் தெரியும். மோட்டார் வராவிட்டால் பேரப்பிள்ளையும் வராது. அதற்காகத்தான் காலிக் குடத்தை இவ்வளவு தூரம் தூக்கி வந்திருக்கிறாள்.

"இது அந்த பிளாக் இல்லம்மே. போன் பிளாக்" என்றேன்.

"போன்லயா? ஆபீசர் போன்லயே வந்துடுவாரா?"

எங்கள் பொங்கல் பானையையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. மனுவை மடித்து இடுப்பில் செருகினாள். குடத்தைத் திரும்ப எடுக்கப் போனாள்.

என் பெண் போனை அவள் முன்னால் நீட்டினாள். "அத்தை, மனுவ வாயால சொல்லு. மொதல்ல இதான் வரணும்."

"அப்ப என் களி?" என்றாள் தலைவி.

"ஆறட்டும்" என்றேன்.

நாத்தனார் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். ஆபீசரே எதிரில் நிற்பதுபோல் போனைக் கும்பிட்டாள்.

"அய்யா, வணக்கம்ங்க. எங்க ஊரு மோட்டாரு எரிஞ்சி கெடக்குதுங்க. தண்ணி தூக்கி தூக்கி சலிச்சி, எங்க வூட்டு மருமவ கொழந்தைய தூக்கினு அம்மா வூட்டுக்கு பூட்டா. அவ மேல தப்பு இல்லீங்க. நான் வந்த புதுசுல எனக்கும் போவணும்னுதான் இருந்துச்சி. எங்க அம்மா வூட்லயும் தண்ணி இல்ல. அதான் போவல."

அவள் சொன்ன அம்மா வீடு, நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு. அன்றைக்கு அவள் பிள்ளையோடு வந்து நின்றிருந்தால் கதவைத் திறக்க வேண்டியவள் நான். எந்த முகத்தோடு திறந்திருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்ததும் ஒரே குடம்தான். இத்தனை வருஷத்தில் நானும் அவளும் பேசாத பேச்சில்லை. இதை மட்டும் அவள் என்னிடம் சொன்னதில்லை. வராத ஆபீசரிடம் சொல்கிறாள்.

வழக்கம்போல் போன் வூட்டை வீடாக்கியிருந்தது. என் பெண் ஒவ்வொன்றாகத் தேடித் திரும்ப வூடாக்கினாள். விட்டுப்போன ஒரு வீட்டைத் தலைவியே காட்டிக்கொடுத்தாள். மொழிச் சண்டை அத்தோடு முடிந்தது.

ஆபீசிலிருந்து ஒருவரும் வரவில்லை. சில நாள் கழித்து சந்தவாசலிலிருந்து நாத்தனாரின் மருமகள்தான் என் பெண்ணைக் கூப்பிட்டாள். போனைச் சத்தமாக வைக்கச் சொல்லி நானும் கேட்டேன்.

"அக்கா, அத்த சொன்னத படிச்சேன். மோட்டாரு எப்ப வேணா வரட்டும். அந்த மனுசன் ஒரு நாளு கொடம் தூக்கி நான் பாத்ததில்ல. தூக்கறத போட்டோ புடிச்சி பிளாக்ல போடுங்க. பாத்துட்டு சொல்றேன்."

சேதியை அந்த மனுசனிடம், அதாவது நாத்தனார் பையனிடம், கொண்டுபோனவள் நான். விடுவேனா?

"உலகமே பாக்குமே அத்தை" என்றான்.

"பாக்கட்டும். நாங்க தூக்கறத பாத்து பாத்து அதுக்கும் சலிச்சிப் போயிருக்கும்."

தலையைப் படிய வாரி, காலிக் குடத்தைத் தோளில் வைத்து நின்றான். போட்டோவுக்கு எதற்குத் தண்ணீர் என்றான். ஓடைக்கு அனுப்பினோம். ஏறி வரும்போது வாரிய தலை கலைந்திருந்தது. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டு வந்தான் என்று நினைக்கிறேன். அவன் தன் அம்மாவைப் பார்த்தான். என் பெண் படம் எடுத்தது அந்த நேரத்தில்தான்.

மருமகள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாளாம். "சட்ட நனைஞ்சி கீது. நெசம்தான்" என்றாளாம். அடுத்த வாரம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். குழந்தையை மாமியார் கையில் கொடுத்தாள். குடத்தைப் புருஷனிடம் காட்டினாள்.

களி மூன்றாவதாகத்தான் வந்தது. தலைவிக்கு இன்னும் கோபம். மோட்டாரும் வரவில்லை. நாத்தனார் மட்டும் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னிடம் சொல்கிறாள்:

"அந்த பிளாக்குக்கு நம்ம பிளாக்கு தேவல அண்ணி. போட்டோ போட்டா வேல நடக்குது. அந்த ஆபீசரையும் ஒரு நாளு கொடத்தோட நிக்க வைங்க."