வீட்டுக்குள் மலையாளம்

யார்க் ரயில் நிலையத்தில் எங்களை அழைத்துப்போக வந்த நண்பன், என் கையிலிருந்த பெட்டியை வாங்கியபடி, யாத்திரை சுகமாக இருந்ததா என்று மலையாளத்தில் கேட்டான். அவன் மனைவி என் மனைவியைக் கட்டிப்பிடித்து "சேச்சி" என்றாள். ஊரில் அவள் வாயில் அது எப்போதும் அக்காதான். அவர்களுடைய பன்னிரண்டு வயது மகள் இங்கிலீஷில் வரவேற்றாள். நானும் மலையாளத்திலேயே பதில் சொன்னேன். பிளாட்பாரத்தில் காற்று பலமாக இருந்தது. அப்போது அதற்கு மேல் யோசிக்கவில்லை.

நண்பனும் நானும் கேரள எல்லையோரம், பனச்சமூட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஊர்க்காரர்கள். ஒரே பஸ்ஸில் நெய்யாற்றின்கரைக்குப் படிக்கப் போனோம். அவன் நர்சிங் படித்து இங்கிலாந்துக்குப் போனான். நான் திருவனந்தபுரத்தில் ஒரு மலையாளப் பத்திரிகையில் சேர்ந்து, அதியன்னூரில் வீடு கட்டிக்கொண்டேன். எங்கள் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்குள் தமிழ், வெளியே மலையாளம். பஸ் கண்டக்டரிடமும் வில்லேஜ் ஆபீசிலும் ஒன்று, அடுக்களையில் இன்னொன்று. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. தமிழ் பேசும் இருவர் தங்களுக்குள் மலையாளத்துக்கு மாறினால், தமிழ் தெரியாத மூன்றாவது ஆள் அருகில் வந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் இருவருக்கும் இடையில் ஏதோ முறிந்திருக்க வேண்டும். என் பக்கத்து வீட்டு அண்ணனும் தம்பியும் கிணற்றுக்காகச் சண்டையிட்ட நாளிலிருந்து மலையாளம்தான். மதிலைத் தாண்டி விழும் தேங்காயை எடுத்துக் கொடுக்கும்போதுகூட "இதா, நிங்ஙளுடெ தேங்ஙா" என்பார்கள். இத்தனை மரியாதையை அதற்கு முன் அவர்களிடம் நான் கண்டதில்லை.

நண்பன் வீட்டுக்குள்ளும் மலையாளமே தொடர்ந்தது. சாயா வேண்டுமா, வெந்நீர் குழாய் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், நாளைக்கு எங்கே போகலாம், எல்லாமே மலையாளம். கணவனும் மனைவியும் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அதில்தான். இரண்டு வருஷமாக வாரம் தவறாமல் போன் செய்து, "எலே, எப்ப வாறே?" என்று கேட்டுக்கொண்டிருந்தவன் இவன்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்தது. மகள் கூட இருக்கிறாளே என்று முதலில் நினைத்தேன். ஆனால் வீட்டுப் பிள்ளை மூன்றாவது ஆளாக மாட்டாள். தமிழ் வீட்டில் பிறந்த குழந்தைக்குத் தமிழ் தெரியாமல் போகக்கூடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

இதற்கு நேர்மாறாக இருந்தது மற்றதெல்லாம். தங்கள் படுக்கையறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டு இருவரும் ஹாலில் படுத்தார்கள். எங்கிருந்தோ உறையவைத்த மரச்சீனிக் கிழங்கு வாங்கிவந்து அவித்து, மீன்குழம்போடு வைத்தார்கள். என் மனைவி கொண்டுபோன கருப்பட்டியை அவன் மனைவி மூக்கருகே வைத்து வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு, நல்ல மணம் என்று மலையாளத்தில் சொன்னாள்.

ஈஸ்டர் விடுமுறை என்பதால் மகளும் எங்களோடு எல்லா இடத்துக்கும் வந்தாள். உண்மையில் ஊரைக் காட்டியவளே அவள்தான். அந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. தெருவுக்கு 'கேட்' என்று பெயர். கோட்டை வாசலுக்கு 'பார்' என்று பெயர். குடிக்கிற இடத்துக்கு வேறு பெயர். ஒரு சந்தில் எதிரெதிர் வீடுகளின் மாடிகள் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்து நின்றன. ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர் வீட்டில் உப்பு வாங்கிவிடலாம். ஆற்றங்கரையில் ஒரு கட்டடச் சுவரில், வெள்ளம் எந்த வருஷம் எந்த உயரத்துக்கு வந்தது என்று கோடு போட்டிருந்தார்கள். அதன் கீழே மேஜை போட்டு ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய தேவாலயத்துக்குள் நான் அண்ணாந்து கண்ணாடி ஜன்னலைப் பார்த்து நின்றபோது, நண்பன் அருகில் வந்து, கழுத்து வலிக்கும், உட்கார்ந்து பாரும் என்று மலையாளத்தில் சொன்னான். மரியாதை விகுதி வேறு. ஜன்னலில் என்ன வரைந்திருந்தது என்று இப்போது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அன்று மாலை அறையில் என் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"கேட்டியளா, நாம வந்தது இவியளுக்குப் பிடிக்கல்ல."

காரணம் ஏதாவது இருக்க வேண்டாமா என்றேன்.

"காரணத்தச் சொல்லிட்டாக்கும் மலையாளம் பேசுவாவ?"

எதில் பிசகினோம் என்று இருவரும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். பெட்டிகள் அதிகமா? அவன் தங்கை கல்யாணத்தில் நாங்கள் எதையாவது விட்டுவிட்டோமா? பத்திரிகையில் ஒரு செய்தியைச் சரிபார்ப்பதுபோல நானும் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. லெஸ்டரில் என் மனைவியின் பெரியம்மா மகள் இருந்தாள். இரண்டு வாரம் தங்க வந்திருந்த நாங்கள், இரண்டாவது வாரத்தை அங்கே கழிப்பதென்று முடிவு செய்தோம். அதை நண்பனிடம் சொல்ல வேண்டியது நான். நாற்பது வருஷப் பழக்கத்தை முறைப்படி முடித்துவைக்கும் வேலைபோல அது எனக்குப் பட்டது.

மறுநாள் மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். பெண்கள் இருவரும் கடைக்குப் போனார்கள். நண்பன் என்னைக் கோட்டைச் சுவருக்குக் கூட்டிப்போனான். ஊரைச் சுற்றி நிற்கும் அந்தச் சுவரின் மேல் இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம். வெளிச்சரிவு முழுக்க மஞ்சள் பூக்கள். எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி வழிவிடும்போது அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். எதற்கு இந்தப் பிடி என்றும் எனக்கு விளங்கவில்லை. அவன் வாய் திறப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று, நாங்கள் வெள்ளிக்கிழமை லெஸ்டருக்குப் போகிறோம், இதுவரை செய்த உபசாரத்துக்கு நன்றி என்று நல்ல மலையாளத்தில் சொன்னேன். தலையங்க மலையாளம்.

அவன் நின்றுவிட்டான்.

"எலே, நீ எதுக்கு எங்கிட்ட மலையாளம் பேசுதே?"

அந்த 'எலே'யைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"நீயாக்கும் தொடங்கினது."

"அது பிள்ளைக்க முன்ன. வீட்டுல. இஞ்ச யாரு இருக்கா? நீயும் நானும்தானே. நான் என்ன செய்தேன்னு சொல்லிட்டுப் பிணங்கு மக்கா."

பின்னால் ஒரு குடும்பம் வழிக்காகக் காத்துநின்றது. ஒதுங்கி, சுவரில் இருந்த ஒரு மாடத்துக்குள் நின்றுகொண்டோம். அங்கே அவன் சொன்னதுதான் விஷயம். மகளுக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. வீட்டில் ஒன்று, கூட்டாளிகளிடம் ஒன்று, பள்ளியில் ஒன்று என்று குழந்தையைக் குழப்ப வேண்டாம், வீட்டில் ஒரே மொழி போதும் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் மலையாளிகள். கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து மலையாளத்தை முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து அந்த வாசலுக்குள் தமிழ் இல்லை. அவன் எனக்குப் போன் செய்ததெல்லாம் ஆஸ்பத்திரி கார் நிறுத்துமிடத்திலிருந்து.

இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். தன் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருப்பாள் என்று இவன் நினைத்திருக்கிறான். இவன் என்னிடம் சொல்லியிருப்பான் என்று அவள் நினைத்திருக்கிறாள். ரயில் நிலையத்திலேயே நாங்கள் மலையாளத்தில் பதில் சொன்னதும், பிள்ளைக்காகத்தான் இவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்று இருவரும் சந்தோஷப்பட்டிருக்கிறார்கள்.

"இப்பதான் நல்லாப் பேசுதாளே," என்றேன். ஊரைச் சுற்றிக்காட்டும்போது அவள் மூச்சு விடவில்லை.

"பேசுதா. நிறுத்தத்தான் பாடு." சிரித்துவிட்டு, பூக்களைப் பார்த்தபடி சொன்னான்: "ஆனா மாத்துறதுக்குப் பேடி உண்டு மக்கா. மாத்தினா பேச்சு நின்னு போவுமோன்னு."

பன்னிரண்டு வயதில் அப்படி நிற்காது என்று அவனுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவன். லெஸ்டரைப் பற்றி அதன்பின் இருவரும் பேசவில்லை.

கடையிலிருந்து பெண்களைக் காரில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வழியில் நண்பன் நடந்ததைச் சொன்னான். என் மனைவி, "தங்கச்சி, நீ சேச்சின்னு விளிச்சப்போ எனக்க வயிறு எரிஞ்சது," என்றாள். அவன் மனைவிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டும் கொஞ்சம் நடந்தது. வீட்டு முன் கார் நின்ற பிறகும் யாரும் இறங்கவில்லை. இறங்கினால் மலையாளம். எஞ்சின் நின்ற காருக்குள் நான்கு பேரும் ஊர்க்கதை பேசினோம். காஞ்சிரங்குளத்தில் யார் வீட்டில் என்ன நடந்தது, கிணற்றுச் சகோதரர்கள் இப்போது எப்படி, எல்லாம். கண்ணாடிகளில் நீராவி படிந்தது. காய்கறிப் பையை என் மனைவி மடியிலேயே வைத்திருந்தாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மகள். தோழியின் அம்மா கொண்டுவந்து விட்டுப் போயிருக்கிறார். காருக்குள் எல்லாரும் வாயை மூடினோம். நண்பன் கண்ணாடியை இறக்கினான். எதற்காகக் காருக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று மலையாளத்தில் கேட்டாள். பதில் வராததால், அங்கிளும் ஆன்ட்டியும் வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்குப் போகிறார்கள், தானும் ஸ்டேஷனுக்கு வரலாமா என்று கேட்டாள். நாங்கள் அறைக்குள் தாழ்த்திப் பேசியது எப்படி அவள் காதுக்குப் போயிற்று என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் பேசியது தமிழில்.

நண்பன் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். அவள் மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவிய போவல்ல மக்களே," என்றான் மகளிடம், தமிழில். "இஞ்சதான் இருக்காவ."

மகள் அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சரி என்பதுபோல் தலையாட்டிவிட்டு, வீட்டுச் சாவியைக் கேட்டாள். சாவியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனாள். அவளுக்குப் புரிந்ததா, அப்பாவின் முகத்தைப் பார்த்து ஊகித்தாளா, இல்லை இத்தனை வருஷமும் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாளா என்று நாங்கள் நால்வரும் காருக்குள் இருந்தபடி யோசித்தோம். உள்ளே விளக்கு எரிந்தது. கதவு திறந்தே இருந்தது. எந்த மொழியில் உள்ளே போவது என்று தெரியாமல் நாங்கள் ஒவ்வொருவராக இறங்கினோம்.